விருந்தினர் வந்தால்

என் மகளுக்கு எல்.கே.ஜி. சீட் வாங்குவதற்காக, என் மனைவியை நாலு மாதம் தமிழ் பேச விடாமல் வைத்திருந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொன்னால் கேட்கிறவர்கள் எனக்காகப் பரிந்து பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். குழந்தை நல்லதுக்குத்தானே செய்தாய் என்கிறார்கள். அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் எங்கள் வீடு. என் அப்பா நெல் போட்ட நிலம் என் காலத்தில் மனையாகி, மனை எல்லாம் வீடாகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் அந்த வீடுகளுக்குச் செங்கல், மணல், ஜல்லி சப்ளை செய்தேன். சொந்த நிலத்தை விற்றுவிட்டு, வாங்கியவன் வாசலில் ஜல்லி கொட்டுகிற பிழைப்பு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கையில் காசு இருந்தது, வண்டி இருந்தது. இல்லாதது ஆங்கிலம் மட்டும்தான்.

ஒரு நாள் சேலையூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் சைட்டில் மணல் இறக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த என்ஜினியர் என் மணலைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஓனரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் சிரித்ததை அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். நான் சிரித்ததைத்தான் மறக்க முடியவில்லை. என் பொண்ணு இப்படி ஒரு நாள்கூடப் புரியாமல் சிரிக்கக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

சேலையூர்ப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த ஐ.டி. குடும்பங்கள் எல்லாம் பிள்ளைகளை அங்கேதான் சேர்த்தார்கள். அங்கே எல்.கே.ஜி.க்குக் குழந்தையைவிடப் பெற்றவர்களைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள் என்று எதிர் வீட்டுக்காரர் சொன்னார். "பசங்களை ஏ ஃபார் ஆப்பிள் கேட்டு விட்ருவாங்க சார். ஹஸ்பெண்ட் அண்ட் வொய்ஃப் ரெண்டு பேரையும்தான் வறுத்து எடுப்பாங்க. வீட்ல இங்கிலீஷ் இல்லன்னா ஃபார்மை அப்படியே ஓரமா வெச்சிருவாங்க" என்றார். கேம்ப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில், போன வருடங்களில் கேட்ட கேள்விகளைப் பதிலோடு இரண்டு தாளில் பிரதி எடுத்து விற்றார்கள். நானும் வாங்கி வந்தேன். என் தைரியம் அந்தக் கேள்விகளைப் படித்ததும் போய்விட்டது.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனவர். அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால், அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். எட்டாவது வரை படித்துவிட்டு, தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை பேக்கிங் வேலைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பழகி, என் வீட்டில் கத்தல் கூச்சல் எல்லாம் முடிந்து, கட்டிக்கொண்டேன். அவள் பேச்சைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். காலையில் எழுந்ததிலிருந்து ஓயாது. தெருவில் நடந்தது, டிவியில் வந்தது, பக்கத்து வீட்டுப் பூனை செய்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டிச் சொல்லுவாள். என்னைக் கோபம் வந்தாலும் ஆசை வந்தாலும் "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள். அந்த இரண்டு யோவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணம் செய்துகொண்டபோது பிடித்த அதே பேச்சுதான், அந்த இரண்டு தாளைப் படித்த அன்று எனக்குக் கசந்தது. பிரின்சிபால் முன்னால் போய் "இன்னா மேடம்" என்று இவள் வாயைத் திறந்தால் சீட் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன். நானும் "இன்னா"தான் சொல்லுவேன். அது எனக்கு அப்போது காதில் விழவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய இரும்பு, பழைய துணிக்கு நடுவில், அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் பேச்சுப் புத்தகம் கிடைத்தது. பாடம் பாடமாக, இடம் பார்த்துப் பேசுவது எப்படி என்று போட்டிருந்தது. வங்கியில், ரயில் நிலையத்தில், கடையில், டாக்டரிடம், விருந்தினர் வந்தால். ஒவ்வொரு பாடத்திலும் ஆங்கில வாக்கியம் தமிழ் எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து இன்டர்வியூ வரைக்கும் வீட்டுக்குள் தமிழ் கிடையாது. குழந்தை காதில் ஒரு தமிழ் வார்த்தை விழக் கூடாது. புத்தகத்தைப் பார்த்துப் பேசு. ஆங்கிலத்தில் சொல்ல முடியாததைச் சொல்லவே வேண்டாம்.

அவள் சிரித்தாள். "யோவ், இன்னாயா காமெடி பண்ணிகினு கீற. உப்பு இல்லைன்னாகூட இங்கிலீசுல தான் சொல்லணுமா?"

"ஆமா. இல்லைன்னா உப்பு இல்லாமலே துன்னுவோம்" என்றேன். நான் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தாள்.

வீட்டில் எல்லாவற்றிலும் ஆங்கிலப் பேர் எழுதிச் சீட்டு ஒட்டினேன். பக்கெட், சேர், கர்ட்டன், மிரர். சாயங்காலம் ஏழு மணிக்கு இன்டர்வியூ ஒத்திகை. நான்தான் பிரின்சிபால். ஹாலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்காருவேன். ஜெராக்ஸ் தாள் என் கையில் இருக்கும். அவள் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கர்ட்டனுக்கு வெளியே நிற்க வேண்டும். "மே ஐ கம் இன், சார்?" என்று கேட்க வேண்டும். நான் உடனே வரச் சொல்ல மாட்டேன். "அகெய்ன்" என்பேன். மறுபடி கேட்பாள். "லவுட்லி" என்பேன். நாலு தடவை, ஐந்து தடவை. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். அவள் கண் அந்தப் பக்கம் போனால், "லுக் ஹியர்" என்பேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. குழந்தைக்காகச் செய்தேன், அது நிஜம். ஆனால் அந்தச் சேரில் உட்கார்ந்து ஒருத்தியை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது எனக்கு ருசியாகவும் இருந்தது. சைட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. இவளைச் செய்ய முடியும். தினமும் ஏழு மணி எப்போது ஆகும் என்று காத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ரொம்பக் கொஞ்சம். ஆனால் கேள்வி கேட்கிறவனுக்கு நிறையத் தெரிய வேண்டியதில்லை. அகெய்ன். ராங். ஸ்டாண்ட் தேர். ஃபுல் சென்டென்ஸ். ஒய் கிரையிங்? நோ கிரையிங். இவ்வளவை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டினேன்.

அவள் மக்கு இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கம்பெனியில் பெட்டி பெட்டியாகச் சைஸ், கலர் எல்லாம் மனசிலேயே வைத்துக்கொண்ட தலை அது. புத்தகத்தில் ஒரு பக்கத்தை இரண்டு தடவை பார்த்தால் சொல்லிவிடுவாள். மூன்றாவது வாரத்தில் நான் தடுமாறிய இடத்தில் அவள் தடுமாறவில்லை. அதனால் அவளை இன்னும் அதிக நேரம் நிற்க வைத்தேன்.

பாடத்தில் இருந்ததை அழகாகச் சொன்னாள். பாடத்தில் இல்லாததைச் சொல்லாமல் விட்டாள். ஒரு நாள் காலையில் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கேஸ்... நோ..." என்று இழுத்தாள். "ஃபுல் சென்டென்ஸ்" என்றேன். அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைட்டுக்குப் போய்விட்டேன். மதியம் வந்து பார்த்தால் அவளும் குழந்தையும் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இன்னொரு சிலிண்டருக்கு ஃபோன் செய்வதற்கு முன்னால், அந்த வாக்கியத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்து மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

பூனைக் கதை நின்றுவிட்டது. தெருக் கதை நின்றுவிட்டது. யோவ் நின்றுவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. படித்தவர்கள் வீடு இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த அமைதியில் ஒரே தொந்தரவு அவள் அக்கா. அக்கா மீன் விற்பவள். வாரத்தில் இரண்டு நாள் அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாக வருவாள். தெரு முனையிலேயே குரல் கேட்கும். முதல் மீனை எங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த வீடு. காசு வாங்க மாட்டாள். என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, குப்பத்துப் பேச்சில் கொஞ்சித் தள்ளுவாள். குழந்தையும் "பெரிம்மா, பெரிம்மா" என்று ஒட்டிக்கொள்ளும். நாலு மாதம் வராதீங்க என்று நானே கேட்டில் நின்று சொல்லிவிட்டேன். "இன்னா தம்பி, நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள். இன்டர்வியூ என்றேன். புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டு எதிர்ப் பக்கமாக நடந்து போனாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு முன்னால் வரும்போது குரல் கொடுக்காமல் கடந்தாள்.

இன்டர்வியூவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவள் வந்தாள். கூடை இல்லை. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், ஒரு பத்திரிகை. அவள் மகள் வயசுக்கு வந்துவிட்டாள். மஞ்சள் நீராட்டுக்கு அழைக்க வந்திருக்கிறாள். அழைக்க வந்தவளை வாசலோடு அனுப்ப முடியாது என்பது எனக்கும் தெரியும். உள்ளே வரட்டும் என்று விட்டேன். குழந்தை ஹாலில் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

என் மனைவி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். வாயைத் திறந்தவள், என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் சேரில் உட்கார்ந்திருந்தேன். "லெசன் செவன்" என்றேன்.

ஏழாவது பாடம் விருந்தினர் வந்தால் என்பது.

"குட் மார்னிங். ப்ளீஸ் கம் இன். ப்ளீஸ் சிட் டவுன். ஹவ் ஆர் யூ?" என்றாள் என் மனைவி.

அக்கா தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐய, என் தங்கச்சி தொரசாணியாயிட்டா. இன்னாமா பேசறா பாரு" என்று அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "சரி, போதும்டி. பாப்பா பெரிய மனுசியாயிட்டா. வர்ற சண்டே வெச்சிகீறோம். நீ ரெண்டு நாளு முன்னாடியே வந்துடு. மொத நலங்கு நீதான் வைக்கணும். அம்மா இருந்தா அது வெச்சிருக்கும், இல்லாத எடத்துல நீதான்டி."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இரண்டு நாள் குப்பத்தில், ஒரு மண்டபம் நிறையத் தமிழ். நாலு மாத உழைப்பும் போய்விடும்.

"தேங்க் யூ ஃபார் கமிங்" என்றாள். குரல் உடைந்தது. "வீ வில் ட்ரை."

அக்காவின் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினாள். "இன்னா தம்பி இது? அவ வாயில இன்னாத்த வெச்சி அடச்சிட்ட?"

"இன்டர்வியூ முடியட்டும்கா. பாப்பா காதுல தமிழ் உழக் கூடாது. அவ லைஃப் இது."

"நான் உன்கிட்ட கேக்கல" என்றுவிட்டு, அக்கா தங்கையின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். "நீ சொல்லுடி. வருவியா, மாட்டியா? வர மாட்டேன்னா வர மாட்டேன்னு சொல்லு. உன் வாயால சொல்லிடு, நான் போய்கினே கீறேன்."

என் மனைவியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உதடு அசைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை நான் வேறு பக்கம் பார்த்திருந்தால் போதும், அவள் சொல்லியிருப்பாள். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. அவள் பாடத்தின் அடுத்த வரியைச் சொன்னாள்.

"வுட் யூ லைக் சம் வாட்டர்?"

அவள் எனக்குக் கீழ்ப்படிந்துவிட்டாள் என்று அன்று நினைத்தேன். அக்காவுக்குக் கொடுக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு வரிதான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அக்கா தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். ஹாலிலிருந்து என் மகள் தலையைத் தூக்கி, "பை ஆன்ட்டி" என்றாள். பெரிம்மா என்று சொல்லவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழந்தைக்கு ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை. காலையும் மாலையும் ஒத்திகை வைத்தேன். வாட் ஈஸ் யுவர் ஃபேவரிட் டிஷ் என்ற கேள்விக்கு அவள் ஃபிஷ் கறி என்றாள். ஃபிஷ் வேண்டாம், வெஜிடபிள் புலாவ் என்று சொல் என்றேன். புலாவ் என்றாள். வேர் ஆர் யூ ஃப்ரம் என்றால் தாம்பரம் என்று மட்டும் சொல் என்றேன். தாம்பரம் என்றாள். அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு தடவைகூட அழவும் இல்லை.

இன்டர்வியூ அன்று பிரின்சிபால் ரூமுக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் போன தம்பதி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். உள்ளே போனதும் அந்த அம்மாள், காட்டன் புடவையும் கண்ணாடியுமாக, முதலில் என்னைத்தான் கேட்டார். என்ன தொழில் என்றார். பில்டிங் மெட்டீரியல்ஸ் சப்ளையர் என்று மனப்பாடத்தை ஒப்பித்தேன். அடுத்து அவர் கேட்டது ஜெராக்ஸ் தாளில் இல்லை. குழந்தையோடு எவ்வளவு நேரம் செலவு செய்வீர்கள், என்ன செய்வீர்கள் என்று கேட்டார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யெஸ், யெஸ்" என்று சிரித்தேன். சைட்டில் சிரித்த அதே சிரிப்பு.

என் மனைவிதான் காப்பாற்றினாள். "எவ்ரி ஈவினிங் ஹீ டீச்சஸ் அஸ், மேடம். எவ்ரி ஈவினிங் அட் செவன்" என்றாள். அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். ஐந்தாறு கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் மேஜையைப் பார்த்துக்கொண்டே முழு வாக்கியத்தில் பதில் சொன்னாள். அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தமிழில், "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்வதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறாள் என்பதை அந்த அம்மாள் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"தாம்பரம், மேடம்" என்றாள்.

பிறகு குழந்தையின் முறை. கலர் கேட்டார், பழம் கேட்டார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து அவள் கையில் கொடுத்து, "டாக் டு தி பேபி. லெட் மீ ஹியர்" என்றார்.

என் மகள் பொம்மையை வாங்கினாள். மேஜை ஓரத்தில் அதை நிற்க வைத்தாள். அது சரிந்தது. நிமிர்த்தி வைத்தாள். பக்கத்திலிருந்த குட்டி சேரில் ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்டாண்ட் தேர்" என்றாள். "சே மே ஐ கம் இன். ராங். அகெய்ன். லவுட்லி. லுக் ஹியர். அகெய்ன்." பொம்மையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒய் கிரையிங்? நோ கிரையிங். ஃபுல் சென்டென்ஸ்."

மூன்றரை வயசுக் குழந்தை. ஒரு இடத்திலும் திக்கவில்லை. பிரின்சிபால் குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"வெரி ஃப்ளூவன்ட்" என்றார். "ஹூ டீச்சஸ் ஹர் ஆல் திஸ்?"

"ஹர் ஃபாதர், மேடம்" என்றாள் என் மனைவி.

நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, "தேங்க் யூ, மேடம்" என்றேன்.

நாலு நாள் கழித்துப் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் என் மகள் பெயர் இருந்தது. எதிர் வீட்டுக்காரரின் சொந்தக்காரப் பையனுக்குக் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெரிய மனசு பண்ணி, "இனிமே தமிழ்லயே பேசலாம்" என்று அறிவித்தேன்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. "யோவ், அக்கா வூட்டுக்குப் போயிட்டு வந்துடலாமாயா? நேர்ல பாத்து சொல்லிட்டா அது மனசு ஆறிடும்" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசித் தமிழ் வாக்கியம் அது.

குழந்தையை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். அக்கா வீட்டுக்கு முன்னால் மணலில் பாய் விரித்துக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். ஒரு சேரை எடுத்து வந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"வாங்க. உக்காருங்க" என்றாள்.

எனக்கு மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லை, தன் தங்கையை.

"பாப்பாவுக்கு ஸ்கூல்ல எடம் கெடச்சிதுங்களா? ரொம்ப சந்தோசங்க" என்றாள்.

"அக்கா" என்றாள் என் மனைவி. "அக்கா, நான்க்கா."

"தெரியுதுங்க. தண்ணி எதுனா குடிக்கிறீங்களா?"

வாடி போடி என்று இடுப்பில் தூக்கி வளர்த்தவள். என் மனைவி மணலிலேயே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். அக்கா காலை உதறவில்லை, குனியவும் இல்லை. "எந்திரிங்க, பொடவ அழுக்காவப் போவுது" என்றாள். ஸ்வீட் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டு, தெரு முனை வரை வந்து வழியனுப்பினாள். யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாத உபசாரம்.

வீட்டுக்கு வந்ததும் நான், "ஒரு காபி போடு" என்றேன்.

"யெஸ். ப்ளீஸ் வெயிட்" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் ஆனது. திட்டிப் பார்த்தேன். "சாரி" என்றாள். ஒரு நாள் ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். "இட்ஸ் ஆல் ரைட்" என்று பொறுக்கினாள். ஒரே ஒரு தடவை யோவ் என்று சொல் என்று அவள் முன்னால் கை கூப்பி நின்றேன். "டின்னர் ஈஸ் ரெடி" என்றாள். சண்டை போடவில்லை, வீட்டை விட்டுப் போகவில்லை, என் சட்டைக்கு இஸ்திரி போடத் தவறவில்லை. காய்கறிக்காரியிடம் தமிழ், எதிர் வீட்டில் தமிழ், மகளிடம் குப்பத்துத் தமிழ். சமையல்கட்டில் அம்மாவும் மகளும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பூனைக் கதையும் அதில் இருக்கும். நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும். "டூ யூ வான்ட் எனிதிங்?" என்று கேட்பாள். நான் அந்த வீட்டுக்கு வந்த விருந்தினன் ஆகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் குப்பத்துக்குப் போய் வந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தாள். அங்கே என்ன நடந்தது, அக்காவின் மனசு எப்போது இளகியது என்று எனக்குத் தெரியாது. அது தமிழில் நடந்த விஷயம், என்னிடம் சொல்லப்படவில்லை. ஒரு நாள் காலையில் எங்கள் கேட்டுக்கு வெளியே அன்னக்கூடை இறங்கியிருந்தது. "இன்னாடி எளச்சிட்ட" என்று குரல் கேட்டது. நானும் சந்தோஷமாக வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றாள்.

நாலு வருடம் இப்படியே போனது. மகள் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு எழுந்தவன் வயிற்றின் பக்கவாட்டில் கத்தியால் குத்தியது போல் வலி வந்து தரையில் சாய்ந்தேன். கிட்னியில் கல் என்று பிறகு சொன்னார்கள். ஊருக்கெல்லாம் ஜல்லி கொட்டியவன் வயிற்றிலேயே ஒன்று இருந்திருக்கிறது. அப்போது அது தெரியாது. செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன். ஒட்டிய சீட்டுகளில் மிச்சம் இருந்தது பீரோ கண்ணாடியில் மட்டும்தான். அந்த மிரர் என்ற சீட்டுக்கு நேர் கீழே உருண்டுகொண்டிருந்தேன்.

அவள் ஓடி வந்தாள். "வாட் ஹாப்பண்ட்? வேர் ஈஸ் தி பெய்ன்?" என்றாள். அது டாக்டரிடம் என்ற பாடம். இன்டர்வியூவில் கேட்க மாட்டார்கள் என்று நான் அவளைப் படிக்க விடாத பாடம். எப்போது படித்தாள் என்று தெரியவில்லை.

"வலிக்குதுடி" என்று கத்தினேன். "தாங்க முடியலடி. ஒரு வார்த்தை என்கிட்ட பேசுடி."

அவள் செல்ஃபோனை எடுத்து, தெரு முனையில் இருக்கும் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, எங்கண்ணா கீற? ஒடனே வாண்ணா. எங்க வூட்டுக்காரரு தரையில கெடந்து துடிக்கிறாருண்ணா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலண்ணா. அவருக்கு ஒண்ணுன்னா நான் இன்னாண்ணா பண்ணுவேன். எனக்கு அவர விட்டா யாருண்ணா கீறாங்க. சீக்கிரம் வாண்ணா." குரல் உடைந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு வருடமாக நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அத்தனையும் அந்த ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.

பிறகு ஃபோனை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆட்டோ ஈஸ் கமிங்" என்றாள். "ப்ளீஸ் வெயிட்."

"தேங்க் யூ" என்றேன்.